அம்புலன்ஸ் எங்கே காத்து நிற்க வேண்டும்? திருகோணமலையை வைத்து ஒரு கணக்கு

2023 ஒக்டோபர் 7, மாலை 6.10 (உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி)

"நோயாளி கடைசியில் வந்து சேரப்போவது வைத்தியசாலைக்குத்தான். ஆகவே அம்புலன்ஸ் வைத்தியசாலை வாசலில் நிற்பதே முறை. இதற்குக் கணினியும் வேண்டாம், கணிதமும் வேண்டாம். நியூயோர்க், லண்டன் போன்ற நகரங்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம்; திருகோணமலை போன்ற சிறிய ஊருக்கு மிகை இல்லையா? சேர் என்ன சொல்கிறீர்கள்?"

2023 ஒக்டோபர் 7, இரவு 9.45

வாசலில் நிற்க வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் கணக்கில் தேறாது. அம்புலன்ஸின் ஓட்டத்தில் இரண்டு பாதிகள் உண்டு: வெறும் வண்டியாக நோயாளியைத் தேடிப் போவது ஒன்று, நோயாளியை ஏற்றிக்கொண்டு வருவது மற்றொன்று. இரண்டாவது பாதியின் நீளத்தை நோயாளியின் வீடும் வைத்தியசாலையும் ஏற்கனவே தீர்மானித்துவிட்டன. வண்டி முதலில் எங்கே நின்றிருந்தாலும் அது மாறப்போவதில்லை. நம் கையில் இருப்பது முதற் பாதி மட்டும்தான். வண்டியை வாசலில் நிறுத்தினால் அந்தப் பாதியும் இரண்டாவதன் நீளத்துக்கே நீண்டுவிடும். நிலாவெளியில் ஒருவர் மயங்கி விழுந்தால், ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வெறுமனே போய், அதே 16 கிலோமீற்றரைத் திரும்பவும் ஓட வேண்டியிருக்கும்.

வண்டி ஏற்றிச் செல்வதற்கு மட்டும் வருவதில்லை. அது வந்து நின்ற கணத்திலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. இதயத்துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துக்கொண்டே போகிறது. ஆகவே முதற் பாதிதான் முக்கியமானது.

இதைக் கணினியில் உருவகப்படுத்தி (அதாவது பாவனையாக) ஓட்டிப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் நியூயோர்க்கின் இ. எஸ். சவாஸ். புரூக்ளினில் ஒரு வைத்தியசாலைப் பிரிவை எடுத்துக்கொண்டு அவர் 1969 இல் வெளியிட்ட ஆய்வு, வண்டிகளை வைத்தியசாலையில் குவித்து வைப்பதைவிட அழைப்புகள் எழும் இடங்களுக்கு நடுவே பரப்பி நிறுத்துவதே செலவிடும் பணத்துக்குக் கூடிய பலனைத் தரும் என்று காட்டியது.

"சிறிய ஊர்" என்பதையும் ஏற்க மாட்டேன். நகரம் சிறியதுதான். மாவட்டமோ 2,727 சதுர கிலோமீற்றர், 11 பிரதேச செயலகப் பிரிவுகள். வடகோடிப் புல்மோட்டையில் இருப்பவரும் தென்கோடி வெருகலில் இருப்பவரும் அதே இலக்கத்துக்குத்தான் அழைக்கிறார்கள்.

2023 ஒக்டோபர் 7, இரவு 10.20

மேலே எழுதியதை மீண்டும் வாசித்தேன். "கணினி வேண்டாம்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரேயொரு வண்டிக்கு இடம் தேடுவதற்கு வரைபடமும் நூலும் போதும். இரண்டாவது வண்டி வந்ததும் தாள் தோற்றுவிடும். இரண்டாவது எங்கே நிற்க வேண்டும் என்பது முதலாவது எங்கே நிற்கிறது என்பதோடு, அது அந்த நேரத்தில் சும்மா நிற்கிறதா அல்லது வேறொருவரைத் தேடிப் போயிருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

2023 ஒக்டோபர் 9, காலை 6.30

கணினி உருவகப்படுத்தல் என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். மடிக்கணினியில் நானே எழுதிய ஒரு நிரல் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

நிரலுக்குள் ஒரு கணினி ஊர் இருக்கிறது. வீதிகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து எடுத்தேன். சந்திகள் கணுக்களாகவும் வீதித் துண்டுகள் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் மாறுகின்றன. அவசர அழைப்புகள் புவாசோன் முறைப்படி எழுமாறாகத் தோன்றுகின்றன. அதாவது இப்போது ஓர் அழைப்பு வந்துவிட்டது என்பதற்காக அடுத்தது தாமதமாகாது, விரைவாகவும் வராது. அழைப்பு எழுந்ததும், சும்மா நிற்கும் வண்டிகளுள் மிகக் குறைந்த நேரத்தில் சேரக்கூடியது புறப்படுகிறது. நோயாளியிடம் சற்று நேரம், வைத்தியசாலைக்கு ஓட்டம், ஒப்படைப்பு, திரும்பி வருதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு உண்டு. கணினியின் மணிக்கூடு செக்கன் செக்கனாக நகராமல், ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவுகிறது. அதனால் ஓர் ஆண்டு முழுவதும் நான் ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் ஓடி முடிந்துவிடும்.

இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடும்போது ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். இரண்டுக்கும் அதே அழைப்புகளை, அதே இடங்களில், அதே நேரங்களில் கொடுக்க வேண்டும். ஒரு மாணவனுக்கு இலகுவான வினாத்தாளையும் மற்றவனுக்குக் கடினமானதையும் கொடுத்துவிட்டு யார் கெட்டிக்காரன் என்று கேட்கக் கூடாது. முதல் மாதம் முழுவதும் நான் அந்தத் தவறைத்தான் செய்துகொண்டிருந்தேன். எந்த ஏற்பாடு சிறந்தது என்ற விடை ஒவ்வொரு முறையும் மாறியது, கணினி பழுது என்று நினைத்தேன்.

2023 ஒக்டோபர் 10, இரவு 8.15

வெட்கத்தோடு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வீதி வரைபடத்தைச் சேர்ப்பதற்கு முந்திய என் முதல் நிரலில் தூரங்களை நேர்கோட்டில் அளந்திருந்தேன். நகரத்திலிருந்து மூதூர் நேர்கோட்டில் சுமார் 14 கிலோமீற்றர். நிரல் மகிழ்ச்சியோடு நகர வண்டியை மூதூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எப்படி இவ்வளவு விரைவாகப் போகிறது என்று இரண்டு நாள் வியந்த பிறகுதான், அது கொட்டியார் குடாவின் தண்ணீர் மேல் ஓடிக்கொண்டிருந்தது புரிந்தது. வீதி வழியாகச் சீனன்குடா, கிண்ணியா என்று குடாவைச் சுற்றிப் போனால் அதன் இருமடங்குக்கும் மேல்.

இந்த ஊரில் அந்தத் தவறுக்கு மன்னிப்பு இல்லை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன்பு அங்கே இருந்தது பாதை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்குத்தான் நாங்கள் பாதை என்று சொல்வோம். 2003 இல் கிண்ணியாவில் இருந்த என் மாமாவுக்கு இரவில் நெஞ்சுவலி வந்தது. வான் ஒன்றைப் பிடித்துக் கரைக்கு வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. பாதைக்காரரை எழுப்ப ஒருவர் தோணியில் போனார். வானின் பின் ஆசனத்தில் மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தபடி, தூரத்தில் நகரத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை. மாமி அரை மணி நேரம் என்பார், மைத்துனர் ஒரு மணி நேரம் என்பார். மாமா பிழைத்தார், அதன் பிறகும் பத்து ஆண்டுகள் இருந்தார்.

அந்த இரவைக் கடந்தவன் எழுதிய நிரல் தண்ணீரின் மேல் வண்டி ஓட்டியது. நிரலில் அந்த மாறிக்கு நான் வைத்திருந்த பெயரும் "பாதை" என்பதுதான்.

2023 ஒக்டோபர் 14, மாலை 4.00

உப்புவெளி வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "எத்தனை வண்டி தேவை என்பதையாவது தாளில் போட முடியுமா?" முடியும். டென்மார்க்கின் ஏ. கே. ஏர்லாங் 1917 இல் தொலைபேசி இணைப்புகளுக்காக எழுதிய சூத்திரம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

நாளொன்றுக்கு 12 அழைப்புகள் வருகின்றன என்றும், ஒவ்வொன்றும் ஒரு வண்டியை 2 மணி நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்றும் எடுத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக எடுத்தவை, மாவட்டத்தின் எண்கள் அல்ல.) மொத்தம் 24 வண்டி மணிநேரம், அதாவது சராசரியாக எந்நேரமும் ஒரு வண்டி வெளியே இருக்கும். அப்படியானால் ஒரு வண்டி போதும் என்று தோன்றும். ஒரே வண்டி இருந்தால் வரும் அழைப்புகளில் இரண்டில் ஒன்று "வண்டி இல்லை" என்ற பதிலைச் சந்திக்கும். இரண்டு வண்டி இருந்தால் ஐந்தில் ஒன்று. மூன்று இருந்தால் பதினாறில் ஒன்று. நான்கு இருந்தால் அறுபத்தைந்தில் ஒன்று.

இந்த வரிசையை வகுப்பில் எழுதினால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு நேரமே வேலை செய்யும் மூன்று வண்டிகளைக் காணும் ஒரு கணக்காய்வாளர், "இரண்டு வண்டி சும்மா நிற்கிறது, ஒன்றைக் குறைக்கலாம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். குறைத்தால் பதினாறில் ஒன்று ஐந்தில் ஒன்றாகும். அம்புலன்ஸ் சும்மா நிற்பதும் அதன் வேலைதான்.

2023 ஒக்டோபர் 15, இரவு 9.00

மட்டக்களப்பிலிருந்து ஒரு பொறியியலாளர் ஆட்சேபித்திருக்கிறார்: "எல்லா அழைப்பும் 2 மணி நேரமாக இருக்காது. சில 40 நிமிடத்தில் முடியும், சில அரை நாள் எடுக்கும். சூத்திரம் செல்லாது." தம்பி, அந்த இடத்தில் சூத்திரம் தப்பித்துக்கொள்கிறது. அது சராசரிக் காலத்தை மட்டுமே கேட்கிறது. அந்தச் சராசரியைச் சுற்றி நேரங்கள் எப்படிப் பரம்பியிருந்தாலும் விடை மாறாது. இது நிரூபிக்கப்பட்ட பண்பு, எனக்கும் முதலில் நம்ப முடியவில்லை.

ஆனால் நீங்கள் அடித்த கல் பக்கத்து மாங்காயை விழுத்திவிட்டது. அழைப்புகள் நாள் முழுவதும் ஒரே சீராக வருகின்றன என்று நான் எடுத்துக்கொண்டது பிழை. அதே 12 அழைப்புகளில் பகல் 12 மணி நேரத்தில் 9, இரவு 12 மணி நேரத்தில் 3 என்று பிரித்துப் பாருங்கள். மூன்று வண்டிகளோடு, பகலில் ஏறக்குறைய 13.4 சதவீதமான அழைப்புகளும் இரவில் 1.3 சதவீதமானவையும் வண்டி இல்லாத நேரத்தில் வந்து விழும். அழைப்புகளின் எண்ணிக்கைப்படி சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 10.4 சதவீதம். நேற்று நான் சொன்ன பதினாறில் ஒன்று, அதாவது 6.25 சதவீதம், பத்தில் ஒன்றாகிவிட்டது. வண்டியும் குறையவில்லை, அழைப்பும் கூடவில்லை. சராசரியை எடுத்ததே குற்றம்.

நேற்றைய குறிப்பை அழிக்காமல் விடுகிறேன். தவறு எப்படி நுழைகிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

2023 ஒக்டோபர் 15, இரவு 9.25

இன்னொன்று. ஏர்லாங் "இல்லை" என்று சொன்ன அழைப்பைத் தொலைந்ததாகக் கணக்கிடுகிறார். தொலைபேசிக்கு அது சரி. இங்கே யாரும் தொலைவதில்லை. கந்தளாயிலிருந்தோ வேறு எங்கிருந்தோ ஒரு வண்டி தொலைவிலிருந்து புறப்படும், அது புறப்பட்டதால் அங்கே ஓர் ஓட்டை விழும், அந்த ஓட்டையில் அடுத்த அழைப்பு விழலாம். இந்தத் தொடரைச் சூத்திரத்தால் பின்தொடர முடியாது. உருவகப்படுத்தலின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

2023 ஒக்டோபர் 22, காலை 10.30

இந்தக் குறிப்புதான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

நகரத்திலிருந்து கடலோரமாக வடக்கே போகும் வீதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை. மொத்தம் ஏறக்குறைய 54 கிலோமீற்றர். நிலாவெளி 16 இல், குச்சவெளி 34 இல். உங்களிடம் ஒரே ஒரு வண்டி. பத்து அழைப்புகளில் ஆறு நகரத்திலிருந்தும் நான்கு வடக்கே பரவலாகவும் வருகின்றன என்று வையுங்கள்.

முதலாவது விருப்பம்: சராசரித் தூரத்தைக் குறைப்பது. நகரத்தில் நிற்கும் வண்டியை ஒரு கிலோமீற்றர் வடக்கே நகர்த்துங்கள். ஆறு பேருக்குத் தலா ஒரு கிலோமீற்றர் கூடுகிறது. மற்ற நான்கு பேருக்கு அதிகபட்சம் தலா ஒரு கிலோமீற்றர் குறைகிறது. நட்டம் இரண்டு. அடுத்த கிலோமீற்றரிலும் அதே கணக்கு. ஆகவே வண்டி நகரத்தை விட்டு அசையாது. இப்போது கவனியுங்கள்: புல்மோட்டை 54 கிலோமீற்றரில் இல்லாமல் 540 கிலோமீற்றரில் இருந்தாலும் விடை இதுவேதான். சராசரியைக் குறைக்கச் சொன்னால் கிடைப்பது இடையம், அதாவது எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் இடம். அது அழைப்புகளில் பாதிக்கு மேல் கையில் வைத்திருப்பவரின் வீட்டு வாசல்.

இரண்டாவது விருப்பம்: மிகத் தொலைவில் இருப்பவரின் காத்திருப்பைக் குறைப்பது. வண்டி 27 ஆவது கிலோமீற்றரில், நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் நடுவில் போய் நிற்கும். யாருக்கும் 27 ஐ விட அதிகமில்லை. ஆனால் நகரத்தின் ஆறு பேரும் 27 கிலோமீற்றருக்குக் காத்திருப்பார்கள்.

மூன்றாவது விருப்பம்: ஓர் எல்லையை வகுத்து, அதற்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்று எண்ணுவது. 1971 இல் டோரெகாஸ் குழுவினரும் 1974 இல் சர்ச், ரெவெல் இருவரும் வகுத்தது இந்த வழி. உலகில் பல சேவைகள் இன்றும் இப்படித்தான் தங்களை அளக்கின்றன. எல்லை 18 கிலோமீற்றர் என்றால் நிலாவெளியில் நிற்கும் வண்டி தெற்கே நகரத்தையும் வடக்கே குச்சவெளியையும் எட்டிவிடும். அறிக்கையில் அழகான எண் வரும். நகரத்தவர் 1 கிலோமீற்றருக்குப் பதிலாக 16 கிலோமீற்றர் காத்திருப்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

மூன்று விருப்பங்கள், மூன்று இடங்கள். கணினி மூன்றுக்கும் பிழையில்லாமல் விடை தரும். எந்த விருப்பம் நம்முடையது என்று அதனிடம் கேட்டால், அது நம்மையே பார்க்கும். என் நிரலை ஊரிலுள்ள சிலரிடம் காட்டியபோது "கணினி என்ன சொல்கிறது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் அதனிடம் எதைக் குறைக்கச் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2023 ஒக்டோபர் 23, காலை 7.10

"நகரத்து மான்களை நிரலில் சேர்த்தீர்களா?" என்று கேட்ட மாணவருக்கு: கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியைக் கடக்கும் நேரம் எந்தப் பரம்பலுக்கும் கட்டுப்படவில்லை.

2023 நவம்பர் 12, மாலை 5.40

மழை தொடங்கிவிட்டது, வடகீழ்ப் பருவக்காற்று. கிண்ணியா வாசகர் ஒருவர் கேட்டிருப்பது முக்கியமானது: "உங்கள் கணினி ஊரில் வெள்ளம் வருமா?" இதுவரை வரவில்லை. இந்த வாரம் வரவழைத்தேன்.

முறை எளியது. ஒரு வீதித் துண்டை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு, அதே அழைப்புகளோடு மீண்டும் ஓடவிட வேண்டும். ஒவ்வொரு துண்டாக அழித்துப் பார்த்தால், எந்தத் துண்டு போனால் ஊர் எவ்வளவு வலிக்கிறது என்ற ஒரு பட்டியல் கிடைக்கும். நகரத்துக்குள் எந்தத் தெருவை அழித்தாலும் அடுத்த தெரு தாங்கிக்கொள்கிறது. கிண்ணியாப் பாலத்தை அழித்த கணத்தில் கணினி ஊர் இரண்டாகப் பிளந்தது போலாகிறது: குடாவின் வடக்கே நிற்கும் வண்டிகள் மூதூருக்கு இல்லாதவை போல ஆகிவிடுகின்றன. வடக்கே எத்தனை வண்டிகளைக் கூட்டினாலும் தெற்கே இருப்பவரின் காத்திருப்பு அநேகமாக அசையவில்லை.

பாலம் இருந்தாலும் பாலமில்லாத நாட்கள் உண்டு என்பதை இந்த மாவட்டம் அறியும். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று, மக்களை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். அதை எழுதிய பிறகு மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் சற்று நேரம் நிறுத்தினேன். வரைபடத்தில் ஒரு கோட்டை அழிப்பது எனக்கு ஒரு விசையைத் தட்டும் வேலை.

2023 டிசம்பர் 3, இரவு 8.50

ஓர் அம்புலன்ஸ் சாரதியோடு நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். எந்தச் சேவை என்று எழுதப்போவதில்லை. நிரலின் திரையைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சேர், இந்தப் புள்ளியில் மலசலகூடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் வண்டியை நிறுத்தியிருந்த புள்ளி ஒரு வெட்டைவெளிச் சந்தி. ஆவணி வெயிலில் அங்கே இருவர் எட்டு மணி நேரம் எப்படி இருப்பார்கள்? 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் நாட்டின் அம்புலன்ஸ் சேவை வண்டிகள் பல பொலிஸ் நிலைய வளவுகளில் நிறுத்தப்படுவதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூரை, தண்ணீர், வெளிச்சம், பாதுகாப்பு, பிரதான வீதி எல்லாம் அங்கே இருக்கின்றன. கணிதத்துக்கு எல்லாப் புள்ளியும் ஒன்று. மனிதர் நிற்கக்கூடிய புள்ளிகள் இந்த மாவட்டத்தில் கைவிரல்களில் எண்ணி அடங்குபவை. அன்றிரவே நிரலைத் திருத்தி, எங்கும் நிற்கலாம் என்பதை நீக்கி, கூரையுள்ள இடங்களின் பட்டியலை மட்டும் கொடுத்தேன். நான் எதிர்பார்த்த அளவுக்கு விடை கெட்டுப்போகவில்லை. இடத்தைச் சற்று விட்டுக்கொடுத்தால் இழப்பு சிறிதே; எண்ணிக்கையைத் தவறவிட்டால்தான் இழப்பு பெரிது.

அவர் இன்னொன்றும் சொன்னார். "ஓடுகிற நேரத்தைத்தான் நீங்கள் குறைக்கிறீர்கள். வீட்டைத் தேடுகிற நேரத்தை யார் குறைப்பது?"

இதற்கு எனக்குச் சாட்சி வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோது வண்டி எங்கள் பகுதிக்கு மிக விரைவாகவே வந்துவிட்டது. பிறகு ஒழுங்கையைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் நான் "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்" என்றேன். எங்கள் பகுதியில் பிள்ளையார் கோயில் மூன்று. பின்னால் என்பது எந்தப் பக்கம் என்பதும் நிற்பவரைப் பொறுத்தது. கடைசியில் மகன் சைக்கிளில் சந்திக்குப் போய்க் கூட்டிவந்தான். நிரலில் அந்த நிமிடங்களுக்கு நான் பூச்சியம் என்று போட்டிருந்தேன். இப்போது ஒரு கால அளவைச் சேர்த்திருக்கிறேன். அதைச் சேர்த்ததும், நான் பெருமையோடு காட்டிய ஏற்பாடுகள் பலவற்றுக்கு இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் மங்கிவிட்டது.

2023 டிசம்பர் 4, காலை 6.05

"அப்படியானால் உருவகப்படுத்தலே வீண்தானே?" என்று உப்புவெளி வாசகர். விடியற்காலையிலேயே காத்திருந்து கேட்டிருக்கிறார். வீணில்லை. எதை மாற்றினால் பலன் இல்லை என்பதையும் அதுவே காட்டியது. சந்தியில் ஆள் நிற்பதும் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை வைப்பதும் வண்டியை இரண்டு கிலோமீற்றர் நகர்த்துவதற்குச் சமம் என்று எண்ணைக் காட்டிச் சொல்ல முடிகிறது அல்லவா?

2024 ஜனவரி 14, இரவு 9.30

நாளை பொங்கல், இன்று ஒரு கணக்கை முடித்துவிடுகிறேன். இரண்டாவது வண்டி எங்கே நிற்க வேண்டும் என்ற பழைய கேள்வி.

1983 இல் மார்க் டாஸ்கின் சொன்ன வழி இது: ஒவ்வொரு வண்டியும் வேலையில் இருப்பதற்கான நிகழ்தகவை எடுத்துக்கொண்டு, இன்னொரு வண்டியைச் சேர்ப்பதால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறது என்று பார்ப்பது. வடக்கு வீதிக்கே திரும்புவோம். முதல் வண்டி நகரத்தில் இருக்கிறது. பத்தில் ஆறு அழைப்புகள் நகரத்தில், இரண்டு குச்சவெளிச் சுற்றில். இரண்டாவதை நகரத்திலேயே வைப்பதா, குச்சவெளிக்கு அனுப்புவதா?

ஒரு வண்டி வேலையில் இருப்பதற்கான நிகழ்தகவு மூன்றில் ஒன்று என்றால், நகரத்தில் வைக்கும் இரண்டாவது வண்டி முதலாவது இல்லாதபோது மட்டுமே பயன்படும்: மூன்றில் ஒன்று பெருக்கல் மூன்றில் இரண்டு, அதாவது ஒன்பதில் இரண்டு, அதை ஆறால் பெருக்கினால் 1.33. குச்சவெளியில் வைத்தால் மூன்றில் இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும்: அதுவும் 1.33. சரி சமம். இந்த எண்களை நான் தேடி எடுக்கவில்லை, தானாக அமைந்தது, பார்த்துச் சிரித்துவிட்டேன்.

ஊர் அமைதியாக இருக்கும் இரவில் நிகழ்தகவு ஆறில் ஒன்றாகக் குறைந்தால் நகரம் 0.83, குச்சவெளி 1.67. பரப்பி நிறுத்து என்கிறது கணக்கு. நெருக்கடியான பகலில் இரண்டில் ஒன்றாகக் கூடினால் நகரம் 1.5, குச்சவெளி 1. சேர்த்து நிறுத்து என்கிறது. அதே வண்டி, அதே வீதி. பகலுக்கு ஒரு விடை, இரவுக்கு மற்றொன்று. நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் மாதங்களில் மூன்றாவது விடையும் வரலாம்.

ஒக்டோபர் 22 ஆம் திகதி ஒரே வண்டியை வைத்து நான் எழுதியது பொய்யில்லை, ஆனால் நேரத்தை மறந்த குறிப்பு.

2024 ஜனவரி 16, மாலை 6.45

மட்டக்களப்புத் தம்பி அடுத்த படியைக் கேட்கிறார்: ஒரு வண்டி புறப்பட்டவுடன் மீதமுள்ளவற்றை நகர்த்தி ஓட்டையை மூடினால் என்ன? நகர்த்தலாம், இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் சென் ஜோன் சேவைக்காக ஹெண்டர்சன், மேசன் இருவரும் எழுதிய உருவகப்படுத்தல் இத்துறையில் பெயர்பெற்றது. அது எழுமாற்று அழைப்புகளை உண்டாக்காமல், பதிவேட்டில் இருந்த உண்மையான அழைப்புகளையே வந்த நேரத்தில் வந்தபடி மீண்டும் ஓட்டியது. புவாசோனை நம்பாதவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் நம் நிலத்தில் நகர்த்துவதற்கு ஒரு விலை உண்டு. நகர வண்டி வெளியே போனதும் கிண்ணியா வண்டியைச் சீனன்குடாச் சந்திக்கு நகர்த்தும்படி நிரலில் எழுதினேன். நகரம் ஆறுதலடைந்தது, மூதூர்ப் பக்கம் வெறுமையானது. மூதூர் வண்டியைக் கிண்ணியாவுக்கு நகர்த்தினேன்; வெருகல் வெறுமையானது. சிறிய போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் தெரிகிறது. பிறகு சாரதியின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு நாளில் எத்தனை முறை "இங்கே போ, அங்கே நில்" என்று அவரை அலைக்கழிக்கிறேன் என்று எண்ணிப் பார்த்து, ஒரு பணிமுறைக்கு இரண்டுக்கு மேல் நகர்த்தக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தேன். பலனில் பெரும்பகுதி அந்த இரண்டிலேயே கிடைத்துவிடுகிறது.

2024 மார்ச் 8, இரவு 11.20

சிவராத்திரி. கோட்டைக்குள் குன்றின் மேல் இருக்கும் கோணேசர் கோயிலில் இருந்து நடந்து திரும்பினேன். கோட்டை வாசல் வழியாக ஆள் நகர முடியாத கூட்டம். இந்த இரவில் நகர வண்டி கோட்டைக்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா? வெளியே நின்றால் மேலே மயங்கியவரை அடைய முடியாது. உள்ளே நின்றால் நகரத்தின் மற்ற எவருக்கும் அது இல்லை. நிரல் தேவைப்படாத கேள்வி: இன்றைக்கு மட்டும் ஒரு வண்டி கூட வேண்டும், உள்ளே தூக்குபடுக்கையோடு நால்வர் வேண்டும்.

2024 மார்ச் 10, காலை 8.00

உப்புவெளி வாசகர் ஒற்றை வரியில் கேட்கிறார்: "கடைசியாக, வாசலா இல்லையா?"

பகலில் நகரத்துக்கென்று ஒன்று. அது வாசலில் நின்றாலும் நட்டம் அதிகமில்லை, பெரும்பாலான அழைப்புகள் அதைச் சுற்றித்தான் எழும். இரண்டாவது வண்டி, கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால், எந்த நேரத்திலும் நகரத்துக்கு இழுக்கப்படாமல். மூன்றாவது பகலில் நகரத்தின் வடக்கு ஓரத்தில், இரவில் குச்சவெளியில். என் கணினி ஊரில், என் எடுகோள்களோடு, இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். உண்மையான அழைப்புப் பதிவுகள் கையில் உள்ளவர்கள் ஓட்டினால் விடை வேறாகலாம்.

ஐயா, உங்கள் வீடு உப்புவெளியில். வாசலில் நிற்கும் வண்டி உங்களுக்கு ஐந்தாறு கிலோமீற்றர். முதல் நாள் நீங்கள் கேட்ட கேள்வியைப் புல்மோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்க மாட்டார்.